கேட்டுவிட்டுச் சும்மா நின்றவள்

பேச எழுந்தால் அவள் முதலில் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகுவாள். கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டி ஆடாமல் நிற்கிறதா என்று ஒரு காலால் அமுக்கிப் பார்ப்பாள். ஏறி நின்ற பிறகு தொண்டையைச் செருமமாட்டாள், தலைவர்களின் பெயரை வரிசையாக அடுக்கமாட்டாள். "ஒரு காரியம் கேக்கட்டா?" என்பாள். அவ்வளவுதான். அதுவரை சாளை மீனுக்கும் கணவாய்க்கும் விலை கூவிக்கொண்டிருந்த ஏலக்கூடம் வாயை மூடிக்கொள்ளும்.

அப்படி ஓர் அமைதி எனக்கு ஒருநாளும் வாய்த்ததில்லை. இத்தனைக்கும் அவளுக்கு முன்பே கட்சியில் சேர்ந்தவள் நான். பி.காம். முடித்தவள். துறைமுக வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்து ஊரில் பாதிப் பேருக்கு மனு தட்டச்சு செய்து கொடுத்தவள். அவளோ எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். செய்தித்தாளின் தலைப்பைக்கூட எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். இப்போது மகளோடு கொல்லம் பக்கம் போய்விட்டாள். போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் யாராவது மைக்கைப் பிடித்து முதல் வாக்கியம் பேசும்போது என் மனசு அவரை அவளுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறது. அந்த யாராவது நானாக இருக்கும்போதும்.

பொறாமைதான். வேறு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

என்னைவிட மூன்று வயது மூத்தவள். மாதா கோவிலுக்கு இந்தப் பக்கத் தெரு நான், அந்தப் பக்கத் தெரு அவள். விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, அலுமினியப் பாத்திரத்தில் ஐஸ் போட்டு மூடி, பஸ் ஏறிக் கோட்டாறில் இறங்குவாள். தெருத் தெருவாக நடந்து விற்றுவிட்டு மதியத்துக்கு மேல் திரும்புவாள். வரும் வழியில் என் கடைக்குள் வந்தால் கண்ணாடிக் கதவை முழங்கையால் தள்ளுவாள். கைப்பிடியில் மீன் வாடை ஒட்டிவிடக் கூடாதாம். நாற்காலியில் உட்காரமாட்டாள். ஜெராக்ஸ் மெஷினின் சத்தம் நிற்கும்வரை காத்திருந்து, "என்னட்டி, வல்லதும் உண்டா?" என்பாள். கட்சிச் செய்தி ஏதாவது உண்டா என்று அர்த்தம். அவளிடம் எனக்கு அந்தக் கவனமெல்லாம் பிடிக்கும். ஊருக்கே அவளைப் பிடித்துப்போனதுதான் பிடிக்காமல் போயிற்று.

அது ஐஸ் விலையில் தொடங்கியது.

எங்கள் துறையில் அப்போது மூன்று ஐஸ் பிளாண்டுகள். கடலில் மூன்று நாள் தங்கும் வள்ளத்துக்கும் ஐஸ் வேண்டும், மீன் விற்கப் போகும் பெண்களுக்கும் வேண்டும். ஒரு வருடம், மீன்பிடித் தடைக்காலம் முடிந்து வள்ளங்கள் கடலில் இறங்கிய அதே வாரத்தில், மூன்று முதலாளிகளும் கூடிப் பேசி ஐஸ் கட்டியின் விலையை ஒரே நாளில் ஏற்றினார்கள். வாங்காமல் இருக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். எங்கள் கட்சி ஏலக்கூடத்தில் கண்டனக் கூட்டம் போட்டது. முதலாளிகள் சங்கத் தலைவரே நேரில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி, மெல்லிய பேச்சு. பெண்களைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டே இருந்தார்.

பேச வேண்டியவள் நான். பதினோரு பக்கம் தயாரித்திருந்தேன். உற்பத்திச் செலவு, போக்குவரத்து, பிற துறைகளில் உள்ள விலை என்று எல்லாம் அதில் இருந்தது. மூன்றாம் பக்கம் வரும்போது பெண்கள் தலைப்பால் விசிறத் தொடங்கினார்கள். நாலாம் பக்கத்தில் முன்வரிசையில் ஒருத்தி வாயைப் பொத்திக் கொட்டாவி விட்டாள். ஆறாம் பக்கத்தில் கோட்டாறு பஸ்ஸுக்கு நேரமாச்சென்று நாலைந்து பேர் பாத்திரத்தைத் தூக்கினார்கள். நான் பக்கங்களைத் தாண்டித் தாண்டி வாசித்து முடித்தேன். யாரோ இரண்டு பேர் கைதட்டினார்கள். அதில் ஒருவர் ஐஸ் முதலாளி.

அப்போதுதான் அவள் தன் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு பெட்டியைக் கவிழ்த்தாள். யாரும் கூப்பிடவில்லை.

"முதலாளி, ஒரு காரியம் கேக்கட்டா?"

"கேளும்மா."

"ஐஸு எதுல செய்யுது?"

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். "வெள்ளத்துலதான்." எங்கள் பக்கத்தில் தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வோம்.

"அந்த வெள்ளம் எங்க உள்ளது?"

"போர் போட்டு எடுக்கோம்."

"எங்க போட்ட போரு?"

அவர் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார். அவள் மேற்கொண்டு பேசவில்லை. கையைத் தொங்கவிட்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள். பஸ்ஸுக்குக் கிளம்பியவர்கள் வாசலில் நின்று திரும்பினார்கள். மேலே காக்கை கத்தியது கேட்டது. முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துவிட்டு, "இங்ஙனதான்... காம்பவுண்டுக்குள்ள" என்றார்.

"நம்ம ஊரு மண்ணுக்கு அடியில உள்ள வெள்ளம். அத நீங்க இழுக்க இழுக்க எங்க கிணறு உப்பாச்சு. நாங்க இப்ப குடத்துக்கு வெல குடுத்துக் குடிக்கோம். நீங்க அதே வெள்ளத்தக் கட்டியாக்கி எங்களுக்கே விக்கிறீங்க. வித்துக்கிடுங்க, வேண்டாம்னு சொல்லல்ல. ஆனா போன மாசத்து வெலைக்கு மேல இந்த மாசம் எதுக்கு? வெள்ளம் வெல கேட்டுதா?"

மறுபடியும் சும்மா நின்றாள். இந்த முறை கூட்டம்தான் பதில் சொன்னது. "கேக்கல்ல!" என்று ஒரு பெண் குரல், பிறகு பத்து, பிறகு ஏலக்கூடத்தின் தகரக் கூரையே அதிர்ந்தது.

அந்த வாரத்துக்குள் விலை பழையபடி இறங்கியது. 'வெள்ளம் வெல கேட்டுதா?' என்று கட்சி போஸ்டர் அடித்துக் களியக்காவிளை வரை ஒட்டியது. போஸ்டருக்கு எழுத்துக்கோத்துக் கொடுத்தது என் கடையில்தான்.

நாலாம் பக்கம், மூன்றாவது பத்தி. 'நிலத்தடி நீர் உறிஞ்சப்படுவதால் குடிநீர்க் கிணறுகள் உவர்த்தன்மை அடைந்துள்ளன.' நான் எழுதிய வரி அது. கூட்டத்துக்கு முந்தின நாள் அவளுக்கு எல்லாப் பக்கத்தையும் வாசித்துக் காட்டியிருந்தேன். "அந்த நாலாம் பக்கத்த இன்னொருக்க வாசி மக்கா" என்று கேட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கூட்டம் முடிந்த பின் நேரே என்னிடம்தான் வந்தாள். "நீ சொன்னதுதான் ஸ்டெல்லா. நான் வாயில போட்டுக் கொஞ்சம் மென்னேன், அவ்வளவுதான்" என்றாள். திருடிவிட்டு மறைத்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவளைக் கோபித்துக்கொள்ள ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. என் கணவர் மஸ்கட்டிலிருந்து திரும்பி வந்து ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். கூட்டங்களுக்கு அவளை ஏற்றிப் போவது அவர்தான். மதியம் சாப்பிட வந்தால் மரச்சீனிக்கிழங்கைத் தட்டில் அப்படியே வைத்துவிட்டு, கரண்டியை மைக் போலப் பிடித்து அவள் பேச்சை நடித்துக் காட்டுவார். எங்கே நிறுத்தினாள், யார் முகம் எப்படிப் போயிற்று, எல்லாம் வரும்.

"ஒரு நாளாவது நான் எழுதின கட்சி நோட்டீஸ்ல உள்ள ஒரு வரிய இப்பிடிச் சொல்லியிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

அவர் உண்மையாகவே யோசித்தார். "நோட்டீஸ யாருட்டி வாயால சொல்லுவா? அது ஒட்டதுக்குள்ளது" என்றார். கேலி செய்யவில்லை. அதனால்தான் வலித்தது.

அவளுக்கு அது தானாக வருகிற திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடவுள் சிலருக்குக் கொடுப்பார், சிலருக்குக் கொடுக்கமாட்டார் என்று விட்டுவிடலாம் அல்லவா? அந்த ஆறுதலும் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அவள் வீட்டுக்கு ஒரு கையெழுத்து வாங்கப் போனேன். கதவு திறந்திருந்தது. அடுக்களையில் அவள் கேஸ் சிலிண்டரைப் பார்த்து நின்று பேசிக்கொண்டிருந்தாள். "லாபம் வேண்டாம்னு சொல்லல்ல முதலாளி" என்றாள். தலையை ஆட்டிக்கொண்டாள். "முதலாளி, லாபம் வேண்டாம்னா சொன்னோம்?" என்றாள். அதுவும் பிடிக்கவில்லை. ஐந்தாறு தடவை மாற்றி மாற்றிச் சொன்னாள். பிறகு கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டு உதடு மட்டும் அசைய நின்றாள்.

என்னைக் கண்டதும் கொஞ்சமும் வெட்கப்படாமல் சிரித்தாள்.

"உதட்டுல என்னக்கா முணுமுணுப்பு?"

"கேள்வி கேட்டுட்டு மனசுக்குள்ள ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லுவேன். அது முடியதுக்குள்ள எதிராளி வாயத் தொறந்துருவான். தொறக்கலேன்னா இன்னொண்ணு சொல்லுவேன்."

"ரெண்டாவது முடிஞ்சும் தொறக்கலேன்னா?"

"அப்ப நான் தோத்தேன். இறங்கி மீன் விக்கப் போவ வேண்டியதுதான்."

அதே வாரம் கொட்டாரத்தில் மகளிர் அணிக் கூட்டம். நானும் முயன்று பார்த்தேன். பருப்பு விலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுவிட்டு, கையைத் தொங்கவிட்டு, மனசுக்குள் செபம் சொல்லிக்கொண்டு நின்றேன். பாதி செபத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "அக்காவுக்கு மறந்துட்டு. யாராவது அந்தப் பேப்பர எடுத்துக் குடுங்க."

பேரூராட்சித் தேர்தல் வந்தது. எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த இடத்துக்காக நான் எத்தனை வருடம் கொடி கட்டியிருப்பேன், எத்தனை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியிருப்பேன் என்று எனக்குத்தான் தெரியும். கட்சியின் மாவட்டப் பொறுப்பாளர் என் கடைக்கே வந்தார். உட்கார்ந்தார், சாயா குடித்தார், என் உழைப்பைப் பாராட்டினார். கடைசியில், "வேட்புமனுவ நீங்களே பிழையில்லாம டைப் பண்ணிருங்கம்மா. அவங்களுக்கு எழுத்து அவ்வளவா வராதுல்லா" என்றார்.

டைப் செய்தேன். பெயர் என்ற இடத்தில் அவள் பெயரை அடிக்கும்போது இரண்டு முறை பிழை வந்தது.

மறுநாள் அவள் வந்தாள். "நான் உன் பேரத்தான் சொன்னேன் மக்கா. கேக்கமாட்டேங்கிறாவ. நான் வேண்டாம்னு சொன்னா வேற யாருக்கோ போவும்" என்றாள். உண்மையைத்தான் சொல்லியிருப்பாள். அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. "பரவாயில்லக்கா" என்றேன். அவள் ஜெயித்தாள். ஊர் அவளை மெம்பரக்கா என்று கூப்பிடத் தொடங்கியது. மெம்பரான பிறகும் விடியற்காலை ஏலத்துக்கு வந்தாள், பாத்திரத்தோடு பஸ் ஏறினாள், கதவை முழங்கையால் தள்ளினாள்.

நான் செய்த காரியத்தை இனிச் சொல்ல வேண்டும்.

அடுத்த வருடம் முதலாளிகள் மறுபடியும் விலையை ஏற்றினார்கள். இந்த முறை மின்கட்டணம் கூடிவிட்டது என்றார்கள். நாகர்கோவிலில் ஓர் அதிகாரி முன்னால் இரண்டு தரப்பும் பேசுவதாக ஏற்பாடு. முந்தின நாள் மதியம் அவள் கடைக்கு வந்தாள்.

"ஸ்டெல்லா, கரண்டுக்கு வெல கூடிச்சுன்னு சொல்லுகான். உள்ளதா?"

கூடியிருந்தது. அறிவிப்பை நானே பதிவிறக்கி அச்செடுத்து மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். அந்த இழுப்பறைக்கு நேர் மேலே, மேசையில், என் முழங்கை இருந்தது.

"இல்லக்கா. சும்மா சொல்லுகான்" என்றேன்.

அவள் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. நான் சொன்னால் அவளுக்குப் போதும். நாளை இவள் கேள்வி கேட்டுவிட்டு நிற்பாள், எதிராளி பதிலை எடுத்து மேசையில் போடுவான், அப்போது இவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது. ஊரில் ஐஸ் வாங்கும் அத்தனை பெண்களும் அந்த நிமிடத்தில் என் கண்ணில் படவில்லை.

மறுநாள் அந்த அறையில் நீள மேசை. ஒரு பக்கம் முதலாளிகள், மறுபக்கம் நாங்கள் பத்துப் பேர். அவள் எழுந்தாள். "ஐயா, ஒரு காரியம் கேக்கட்டா? கரண்டு வெல கூடிச்சுன்னு சொல்லுகாவ. அந்தப் பில்லு எங்க?" என்று கேட்டுவிட்டு வழக்கம்போல நின்றாள்.

சங்கத் தலைவர் அவசரப்படவில்லை. பையிலிருந்து பில்களை எடுத்து, பழையது இடப்பக்கம், புதியது வலப்பக்கம் என்று அதிகாரிக்கு முன்னால் அடுக்கினார். "கூடியிருக்கும்மா. அரசாங்க அறிவிப்பும் இருக்கு. மெம்பர் அத வாசிக்கல்ல போல" என்றார். வாசிக்க என்ற சொல்லைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னார். அவர் ஆட்கள் சிரித்தார்கள்.

அவள் கழுத்தில் ரத்தம் ஏறியதைப் பார்த்தேன். என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று எதிர்பார்த்தேன். 'இவதான் சொன்னா' என்று ஒரு வார்த்தை போதும். அவள் திரும்பவில்லை. மேசையில் இருந்த பில்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உள்ளதுதான் ஐயா. கூடியிருக்கு. நான் அறியாமக் கேட்டுட்டேன், தப்பு எனக்கு. முதலாளிகிட்ட மன்னிப்புக் கேக்கேன்" என்றாள்.

அறையில் சிரிப்பு நின்றது.

"இனி இன்னொரு காரியம். நான் படிக்காதவ, அதனால ஐயா படிச்சுச் சொல்லணும். கரண்டு கூடினது எவ்வளவு? அதுல ஒரு கட்டி ஐஸுக்கு எவ்வளவு வரும்? இவிய கட்டிக்குக் கூட்டினது எவ்வளவு?"

அதிகாரி பேனாவை எடுத்தார். தாளில் கூட்டிக் கழித்தார். அத்தனை நேரமும் அவள் உட்காரவில்லை. அவர் தலை நிமிர்ந்து, "பல மடங்கு கூட்டியிருக்கீங்களே" என்று முதலாளிகளைப் பார்த்துச் சொன்னார்.

"தப்ப ஒத்துக்கிடதுக்கு எனக்கு ஒரு நிமிசம் போரும் முதலாளி" என்றாள் அவள். "உங்களுக்கு எவ்வளவு நேரம் வேணும்?"

மின்கட்டணத்துக்கு உரியதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை அவர்கள் குறைத்தார்கள். வெளியே வந்தபோது பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்தார்கள். அவள் பேசிய பேச்சிலேயே பெரிய பேச்சு அதுதான் என்று இன்றும் ஊரில் சொல்கிறார்கள். அந்தப் பேச்சுக்கு வழி செய்து கொடுத்தது என் பொய். குழி தோண்டியவள் நான். அவள் அதில் கிணறு கண்டாள். அன்று எனக்கு வந்த பொறாமை அதற்கு முன் வந்த பொறாமை எல்லாவற்றையும்விடக் கசந்தது.

திரும்பும் பஸ்ஸில் அவள் என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தாள். பஸ் பார்வதிபுரம் தாண்டியது.

"நீ அறிஞ்சிருந்தியா?" என்றாள் தாழ்ந்த குரலில்.

என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். மனசுக்குள் அவள் செபம் ஓடிக்கொண்டிருக்கும். அது முடியும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தால் போதும். ஆனால் எவனெவனோ ஏன் வாயைத் திறந்தான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த மௌனத்தில் அதட்டல் கொஞ்சமும் இல்லை. எவ்வளவு நேரம் ஆனாலும் நம் பதிலை வாங்கிக்கொள்ளக் காத்திருக்கிற மௌனம்.

"அறிஞ்சிருந்தேன்" என்றேன்.

அவள் தலையை அசைத்தாள். முன்னிருக்கைக் கம்பியைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு வாசிக்கத் தெரியாது ஸ்டெல்லா. உன் கண்ண வச்சுத்தான் நான் பாக்கேன்" என்றாள். நான் செய்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து, ஏதோ ஓர் அரசுக் கடிதத்தோடு முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "இத ஒண்ணு வாசி மக்கா" என்று நீட்டினாள். நான் வாசித்தேன். ஒரு கமாவைக்கூட விடாமல் வாசித்தேன்.

அவளை வீழ்த்தியது நானல்ல. அவளுடைய வாய்தான், இல்லையென்றால் அதைக் கேட்டவர்களின் காது.

அவள் பதவிக்காலம் முடியும் தறுவாயில் மாவட்டப் பொறுப்பாளரின் மைத்துனர் மூன்று பிளாண்டுகளில் பெரியதை வாங்கினார். வாங்கிய கையோடு விலை ஏறியது. கட்சி வாய் திறக்கவில்லை. தக்கலையில் செயல்வீரர் கூட்டம் நடந்தது. மேடையில் பூங்கொத்துகள், பொன்னாடைகள். நடுவில் அவள் எழுந்தாள். பெட்டி இல்லை, தரையிலேயே நின்றாள்.

"அண்ணாச்சிமாரே, ஒரு காரியம் கேக்கட்டா? அண்ணைக்கு வெள்ளம் வெல கேக்கல்லன்னு நாம போஸ்டர் ஒட்டினோம். இப்ப கேட்டுதா?"

நின்றாள். மேடையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் அவள் உதட்டைப் பார்த்தேன். ஒரு செபம் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. மாவட்டப் பொறுப்பாளர் பக்கத்தில் இருந்தவரிடம் சாப்பாடு வந்துவிட்டதா என்று கேட்டார். மைக் வேறொருவர் கைக்குப் போனது. அவள் பையை எடுத்துக்கொண்டு நடந்து வெளியே போனாள். மறுநாள் காலை பஸ்ஸில், மூடிய பாத்திரத்தோடு, எப்போதும்போல நின்றுகொண்டு போவதைப் பார்த்தேன்.

அடுத்த தேர்தலில் அந்த வார்டு எனக்கு வந்தது. சந்தோஷப்பட்டேன், மறைக்கமாட்டேன். புதுச் சேலை எடுத்தேன். கடைப் பலகையில் பெயருக்கு முன்னால் மெம்பர் என்று எழுதச் சொன்னேன். ஜெயித்தேன், அவள் ஜெயித்ததைவிடக் குறைந்த வாக்கில். ஐஸ் விலை அப்போதும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. கேட்டவர்களிடம், "மேலிடத்துல பேசிட்டிருக்கோம்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

ஒரு நாள் மதியம் கதவு முழங்கையால் திறந்தது.

"ஒரு மனு டைப் பண்ணணும் மக்கா."

"சொல்லுங்கக்கா." கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினேன். "யாருக்கு?"

"உனக்குத்தான்."

விரல் நின்றுவிட்டது. அவள் முகத்தில் கிண்டல் இல்லை. வார்டு மெம்பருக்கு ஒரு மனு கொடுக்க வேண்டும், மனு எழுதத் தெரிந்த ஆள் ஊரில் ஒருத்திதான், அதனால் வந்திருக்கிறாள். அவ்வளவுதான் அவளுக்கு.

பெரிய பிளாண்டின் உரிமத்தைப் பேரூராட்சி புதுப்பிக்க வேண்டிய மாதம் அது. ஊர்த் தண்ணீரை எடுக்கிறவர்கள் ஊருக்கு என்ன செய்கிறார்கள் என்று கேட்காமல் புதுப்பிக்கக் கூடாது என்பது அவள் கோரிக்கை. அவள் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். சில இடங்களில் அவள் நிறுத்தினாள். அங்கெல்லாம் நான் பத்தி பிரித்தேன். சட்டம், விதி, தேதி எல்லாம் நான் சேர்த்தேன். அவள் சொன்ன வாக்கியங்களைத் திருத்த வந்த கையைப் பலமுறை பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அச்செடுத்து வாசித்துக் காட்டினேன். இரண்டு பக்கம்தான். என் வாழ்நாளில் நான் எழுதியதில் அதைப்போல ஒன்று இல்லை. அவள் மெதுவாகக் கையெழுத்துப் போட்டு, மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் தள்ளினாள். "வாங்கினேன்னு ஒரு ஒப்புப் போட்டுத் தா" என்றாள். போட்டுக் கொடுத்தேன்.

அந்த மனுவை அடக்கிவிடச் சொல்லி அன்று மாலையே கட்சியிலிருந்து போன் வந்தது. யார் சொல்லியிருப்பார்கள் என்று தெரியவில்லை. மூன்று நாள் இழுப்பறையில் வைத்திருந்தேன். தினம் எடுத்து வாசித்தேன். கடைசியில், உரிமம் பற்றிப் பேசப் பேரூராட்சித் தலைவர் ஏலக்கூடத்தில் மக்களைக் கூட்டிய அன்று, எழுந்து அதை வாசித்தேன். துணிச்சல் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவ்வளவு நன்றாக எழுதியதை நாலு பேர் கேட்காமல் போய்விடக் கூடாதே என்ற ஆசைதான் என்னை எழுப்பியது.

யாரும் விசிறவில்லை. யாரும் பாத்திரத்தைத் தூக்கவில்லை. விலையை அடுத்த தடைக்காலம்வரை பழையபடி வைப்பது, பிளாண்டு வாசலில் ஊருக்கு ஒரு குடிநீர்க் குழாய் போடுவது என்ற இரண்டு நிபந்தனைகளோடுதான் உரிமம் என்று அன்றே முடிவானது. எனக்கு அடுத்த முறை சீட்டு கிடைக்காது என்பதும் அன்றே முடிவாகியிருக்க வேண்டும். கிடைக்கவில்லை.

முடிவைக் கேட்டதும் பெண்கள் பின்வரிசையைப் பார்த்துத் திரும்பினார்கள். "மெம்பரக்கா மனுவாக்கும் இது!" என்று ஒருத்தி கத்தினாள். மெம்பர் நான் அங்கே தாளோடு நின்றுகொண்டிருந்தேன். எழுதியது நான் என்று சொல்ல வாயெடுத்தேன். சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

பின்வரிசையில் அவள் எழுந்தாள். கூட்டம் சட்டென்று அடங்கியது.

"நான் எழுத்துக் கூட்டி வாசிக்கவ. எனக்கு இப்பிடி எழுத வருமா?" என்றாள். "எழுதினது ஸ்டெல்லா. கை தட்டணும்னா அவளுக்குத் தட்டுங்க."

தட்டினார்கள். கூரை அதிர்ந்தது. ஒரு கூட்டம் என் பெயரைக் கேட்டுக் கைதட்டியது அன்று ஒருநாள்தான். அந்தப் பெயரையும் அவள் வாயிலிருந்துதான் கேட்டார்கள்.